காலையில் மட்டும் ஒழுகும் கார்

பொன்னுரங்கம் ஓர் அட்டைத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு கேரட் தோட்டத்துச் சரிவில் இறங்கி வந்தார். பிஸ்கட் பெட்டியிலிருந்து கிழித்து, ராத்திரி காருக்கு அடியில் வைத்த அட்டை. அதன் நடுவில் பச்சையாக ஒரு கறை.

சபாபதி சாமி வாசலில் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

“வாங்க வாத்தியாரே. இன்னிக்கு எத்தனை?”

“பதினாலு சொட்டுங்க சாமி. நேத்து பதினொண்ணு.”

“நேத்து இறுக்கினீங்களா?”

“இறுக்கினேனுங்க. அரைச் சுத்து.”

“அதுக்கு முந்தின நாள்?”

“அன்னிக்கும் அரைச் சுத்து.”

சாமி அட்டையை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“நல்ல பச்சை,” என்றார். “ஸ்கூல் பாவாடைக்கு இந்தப் பச்சையைத் தேடி நான் ஈரோடு வரைக்கும் போயிருக்கேன்.”

பொன்னுரங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

குருவுக்கு நாற்பத்தாறு வயது. சீடருக்கு அறுபத்து மூன்று. குன்னூரில் இருபது வருடம் பள்ளிச் சீருடை தைத்துவிட்டு, ஒரு நாள் தையல் மிஷினை யாருக்கோ கொடுத்துவிட்டு, கேத்திப் பள்ளத்தாக்கின் இந்தத் தகர வீட்டுக்கு வந்து சேர்ந்தவர் சபாபதி. காவி கிடையாது. பழுப்பு ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய். மாலையில் நாலைந்து பேர் வந்து அவரோடு பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். யாரோ விளையாட்டாகச் சாமி என்று கூப்பிட்டது அப்படியே நிலைத்துவிட்டது.

பொன்னுரங்கம் தொழிற்பயிற்சி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்தியவர். ஓய்வு பெற்றதும் தூக்கம் போய்விட்டது. அதற்காகத்தான் முதலில் இங்கே வந்தார். மூன்று வருடமாக வருகிறார். தூக்கம் இன்னும் திரும்பவில்லை. வருவதை நிறுத்தவும் தோன்றவில்லை.

“சாமி, வெள்ளிக்கிழமைக்குள்ளே இது நிக்கணும்.”

“வெள்ளிக்கிழமை என்ன?”

“தேனு வர்றா.”

பட்டாணி உரித்த விரல்கள் நின்றன.

“பேரனும் வர்றானா?”

“அவனுந்தானுங்க.”

தேன்மொழி அவருடைய ஒரே மகள். சென்னையில் இருக்கிறாள். கேத்திக்கு வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது.

கடைசியாக வந்தபோது மூன்றாம் நாள் கிளம்புவதாக இருந்தாள். திரும்பிப் போக ரயில் டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் பொன்னுரங்கம். அவளிடம் கேட்காமல் அதை ரத்து செய்தவரும் அவர்தான். இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தார். சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், ஏதோ பரிசு கொடுப்பவர் மாதிரி, சிரித்துக்கொண்டேதான் அதைச் சொன்னார். தேன்மொழி தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள். அன்று சாயங்காலமே ஒரு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். அவர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூடப் போகவில்லை. கோபித்துக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தார். அந்த பஸ்ஸில் ஒரு ஜன்னல் மூடவில்லையாம். வழியெல்லாம் குழந்தையின் மேல் பனிக்காற்று. சென்னையில் இறங்கும்போது அவனுக்கு மூச்சு இழுத்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு போனில் அப்பாவுக்கு மூன்றே வாக்கியங்கள். “சாப்பிட்டீங்களா? உடம்பு பரவாயில்லையா? அம்மாகிட்ட குடுங்க.”

இந்தப் பொங்கலுக்கு வருகிறேன் என்று அவளாகவே சொன்னாள். அம்மாவிடம்தான் சொன்னாள். பையனுக்கு இன்னும் குளிர் ஆகாது, கார் ஹீட்டர் வேலை செய்யுமா என்று கேட்டாள். பிறகு, “அப்பாவே மேட்டுப்பாளையம் ஸ்டேஷனுக்கு வரட்டும்,” என்றாள்.

மனைவி வசந்தா அதை அவரிடம் சொன்ன நாளிலிருந்து அவர் காருக்கு அடியில் கிடக்கிறார்.

“என்ன கோளாறுன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க,” என்றார் சாமி.

“இன்ஜின்ல சூடாகிற கூலன்ட் தண்ணிய, அந்தப் பச்சைத் தண்ணிய, ஒரு ரப்பர் ஓஸ் கார் உள்ளே இருக்கிற ஹீட்டருக்குக் கொண்டு போகுதுங்க. உள்ளே நுழையற இடத்துலே ஒரு இரும்புக் குழாய் நீட்டிக்கிட்டு இருக்கும். அது மேலே ஓஸை மாட்டி, கிளிப்பைப் போட்டு வச்சிருக்கு. அந்த இடத்துலதான் ஒழுகுது.”

“ஒழுகினா?”

“ஹீட்டர் வராது. ரொம்ப ஒழுகினா மலையேறும்போது இன்ஜினே சூடாகி நின்னுரும். பர்லியாறு தாண்டி எங்கியாச்சும் ஒரு வளைவுல, குழந்தையோட.”

“நீங்க என்ன பண்ணுனீங்க?”

“பழைய ஓஸைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டினேனுங்க. ஒழுகின பக்கத்துக் கிளிப்பையும் தூக்கிப் போட்டுட்டேன். அது சும்மா ஒரு ஸ்பிரிங் வளையம். பிளையர்ல அமுக்கினா விரியும், விட்டா சுருங்கும். அதுக்கு இறுக்கவே தெரியாது. திருகு வச்ச கிளிப் வாங்கிப் போட்டிருக்கேன். ஸ்க்ரூ டிரைவர் வச்சு நம்ம இஷ்டத்துக்கு இறுக்கலாம்.”

“இஷ்டத்துக்கு,” என்றார் சாமி.

“ஆமாங்க.”

“நான் வந்து பாக்கட்டுமா?”

“உங்களுக்குக் காரைப் பத்தி என்னங்க தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது. பட்டாணிய உரிச்சு முடிச்சுட்டா எனக்கு வேற வேலையும் கிடையாது.”

மத்தியானம் சாமி மேட்டு வீட்டுக்கு ஏறி வந்தார். வசந்தா கொடியில் போர்வை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“வாங்க சாமி. இந்த வீட்டுல பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்கறதை நீங்களாவது அவருக்குச் சொல்லுங்க.”

“அவருக்குத் தெரியாதாம்மா?”

“பத்து நாளா எனக்கு அவரோட பாதம் மட்டுந்தான் தெரியுது. மீதியெல்லாம் காருக்கு அடியிலே. பாதத்துக்குத்தான் காப்பி குடுத்துக்கிட்டு இருக்கேன்.”

பொன்னுரங்கம் அதைக் காதில் வாங்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு எல்லநள்ளி வரை போய்த் திரும்பி வந்தார். பானெட்டைத் திறந்தார். உள்ளேயிருந்து வெப்பம் முகத்தில் அடித்தது.

“பாருங்க சாமி. அதோ அந்த மூலையிலே. தொடாதீங்க, சுடும்.”

சாமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“காய்ஞ்சுல்ல இருக்கு.”

“இப்ப ஒழுகாதுங்க. விடியக்காலையிலதான். பனி விழுந்து எல்லாம் சில்லுனு கிடக்கும்போது.”

“நீங்க எப்ப இறுக்கறீங்க?”

“இப்பத்தானுங்க. ஓட்டிட்டு வந்து, பானெட்டைத் திறந்து, ஒரு அரைச் சுத்து.”

சாமி இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

“அது நல்லா இருக்கற நேரமாப் பாத்துப் போய் இறுக்கறீங்க.”

பொன்னுரங்கம் ஸ்க்ரூ டிரைவரைத் துணியில் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்ததை மறுபடியும் துடைத்தார்.

“விடியக்காலையில கை விறைச்சுப் போகுதுங்க. ஸ்க்ரூ டிரைவர் நிக்காது.”

வசந்தா கொடியிலிருந்தே சொன்னாள்: “முன்னெல்லாம் போன்லயும் இதே கதைதான் சாமி. அவ சிரிச்சுப் பேசிக்கிட்டு இருப்பா. இவரு போனைப் பிடுங்கி, நேத்து ஏன் எடுக்கலைம்பாரு.”

“நீ உள்ளே போ.”

“போறேன். பாதத்துக்குக் காப்பி ஆறிப்போகும்.”

சாமி சிரித்தார். பொன்னுரங்கம் உள்ளே கையை விட்டு, திருகைத் தேடி, அரைச் சுற்று இறுக்கினார். சாமி தடுக்கவில்லை. காப்பியைக் குடித்துவிட்டுச் சரிவில் இறங்கிப் போனார்.

மறுநாள் புதன்கிழமை. புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. பொன்னுரங்கம் டார்ச்சோடு போய் அட்டையை இழுத்தார். அதில் எண்ணுவதற்குச் சொட்டுகள் இல்லை. அட்டை முழுவதும் ஊறியிருந்தது.

பானெட்டைத் திறந்து டார்ச்சை அடித்தார். கிளிப்பின் தகடு ரப்பருக்குள் பதிந்திருந்தது. அதைப் பார்த்த பிறகாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியவும் தெரிந்தது. ஆனால் கை அதற்குள் திருகுக்குப் போய்விட்டது. விறைத்த விரல்களால் இன்னும் ஒரு சுற்று. கடக்கென்று ஒரு சத்தம். திருகின் மரை வழுக்கிக் கிளிப் வாயைப் பிளந்தது. தகடு அறுத்த இடத்தில் ரப்பர் கிழிந்து, பச்சைத் தண்ணீர் அவர் மணிக்கட்டு வழியாக ஓடி, அட்டையை நனைத்து, வாசல் சாக்கடையைத் தேடிப் போனது.

வசந்தா சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள். இப்போது அவள் கேலி செய்யவில்லை.

“டாக்ஸி கேட்டுப் பாக்கலாமுங்களா?”

“பொங்கல் வாரம். ஊர்ல இருக்கற வண்டியெல்லாம் டூரிஸ்ட்டுக்குப் போயிருக்கும்.”

“அப்ப அவகிட்ட சொல்லிரலாம். அடுத்த தடவை வரட்டும்.”

“அடுத்த தடவைன்னு ஒண்ணு இருக்கா வசந்தா?”



அவர் கை கழுவாமலேயே சரிவில் இறங்கினார். சாமி அடுப்புக்கு விறகு எடுத்துக்கொண்டிருந்தார். பச்சைக் கையைப் பார்த்தார். முகத்தையும் பார்த்தார்.

“கிழிஞ்சுருச்சுங்க சாமி.”

“முதல்ல குளிங்க. வெந்நீர் இருக்கு.”

“குளிக்கற நேரமாங்க இது?”

“கையைக் கழுவணும்ல. அப்படியே குளிச்சுருங்க.”

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட குளியலறை. ஒரு மூலையில் விறகு பாய்லர், அடியில் தணல். முன்பு அதிலிருந்து செம்பால் மொண்டுதான் ஊற்ற வேண்டும். இப்போது அதன் வாயில் ஒரு ரப்பர் குழாய் மாட்டியிருந்தது. குழாயின் மறுமுனையை மேலே தூக்கிச் சுவர் ஆணியில் மாட்டி வைத்திருந்தார் சாமி. வேண்டும்போது கீழே இறக்கினால் வாளியில் வெந்நீர் விழும்.

பொன்னுரங்கம் குழாயை இறக்கப் போனார். கை பாதியில் நின்றது.

கறுப்புக் குழாய். நடுவில் ஒரு வளைவு. வளைவின் மேல் வெள்ளைச் சாக்பீஸால் போட்ட ஒரு கோடு. காரில் எந்த முனை எந்தப் பக்கம் என்று மறந்துவிடாமல் இருக்கப் பொன்னுரங்கமே போட்ட கோடு. பாய்லர் வாயில் அதைப் பிடித்திருந்தது அந்த ஸ்பிரிங் வளையம்.

அவர் சட்டையில்லாமல் ஈரத் தரையில் குந்தினார். இணைப்பைச் சுற்றி விரலை ஓட்டினார். விரல் காய்ந்தே வந்தது. இணைப்புக்கு நேர் கீழே, சுவருக்கும் பாய்லருக்கும் நடுவில், ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. வலையில் தூசி இருந்தது. ஒரு சொட்டு விழுந்த அடையாளம்கூட இல்லை.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். குளித்த மாதிரி தெரியவில்லை.

“சாமி, அது என் ஓஸு.”

“ஆமா. உங்க வீட்டுக் குப்பையில கிடந்துச்சு. வளையமும் அதுலயே தொங்கிக்கிட்டு இருந்துச்சு. பாய்லருக்கு அளவு சரியா இருந்துச்சு.”

“எத்தனை நாளா?”

“நீங்க தூக்கிப் போட்ட அன்னியிலேர்ந்து.”

“ஒழுகலைங்களா?”

சாமி யோசித்தார்.

“பாக்கலையே,” என்றார்.

பொன்னுரங்கம் விறகுக் கட்டையின் மேல் உட்கார்ந்தார். பிறகு தனக்கே சொல்வதுபோலச் சொன்னார்.

“தணல் அணைஞ்சா ரப்பர் சுருங்கும். ஸ்பிரிங்கும் கூடவே சுருங்கும். மறுபடி சூடானா ரப்பர் உப்பும். ஸ்பிரிங் விட்டுக் குடுக்கும். திருகு கிளிப் அப்படி இல்லை. வச்ச இடத்துலயே நிக்கும். சூட்டுல உப்பின ரப்பரைக் கடிக்கும். குளிர்ல சுருங்கினா அதுக்குத் தெரியவே தெரியாது. அந்தச் சந்துல ஒழுகும்.”

“அப்படீங்களா?”

“இதை நான் பாடமா நடத்தியிருக்கேன் சாமி. போர்டுல படம் போட்டு நடத்தியிருக்கேன். பரீட்சைக்குக் கேள்வி வச்சிருக்கேன். அஞ்சு மார்க்.”

“நீங்க எழுதியிருந்தா எத்தனை வாங்கியிருப்பீங்க?”

“அஞ்சும் வாங்கியிருப்பேனுங்க,” என்றார் பொன்னுரங்கம்.

சாமி குளியலறைக்குள் போனார். பாய்லரின் சூடு குறையும்வரை காத்திருந்து, தண்ணீரை வடித்து, வளையத்தைக் கழற்றிக் கொண்டுவந்து சீடரின் உள்ளங்கையில் வைத்தார்.

“உங்களுக்குங்க?”

“எனக்கு நூல் போதும். இருபது வருஷமா எல்லாத்தையும் நூல்லதான் பிடிச்சு வச்சேன்.”

கொஞ்சம் தள்ளிப் போனவர் திரும்பி, “வாத்தியாரே,” என்றார். “முதல் முதல்ல ஏன் ஒழுகுச்சு? அப்ப இந்த வளையந்தானே இருந்துச்சு?”

பொன்னுரங்கம் வளையத்தைப் பார்த்தார்.

“தெரியலைங்க,” என்றார். “அதை நான் பாக்கவே இல்லை.”

இரண்டு பேரும் மேட்டு வீட்டுக்கு ஏறிப் போய், இன்ஜின் சில்லென்று இருக்கும்போதே வேலையை ஆரம்பித்தார்கள். கிழிந்த ஓஸைக் கழற்றியதும் உள்ளே இரும்புக் குழாயின் கழுத்து தெரிந்தது. பொன்னுரங்கம் விரலால் தடவினார். உப்பும் துருவும் சேர்ந்து சொரசொரவென்று படிந்திருந்தது. புது ஓஸ் மாட்டிய அன்றும் இது இங்கேதான் இருந்திருக்கும். அதன் மேலேயே மாட்டி, அதன் மேலேயே இறுக்கியிருக்கிறார்.

நைஸ் உப்புத்தாளைச் சின்னதாகக் கிழித்து, கழுத்தைச் சுற்றித் தேய்த்தார். அவசரப்படவில்லை. சாமி டார்ச் பிடித்தார். அவ்வப்போது டார்ச் வெளிச்சம் வேறு எங்கோ போய்விடும். ஒரு தடவை பக்கத்து மதிலில் உட்கார்ந்திருந்த பூனையின் மேல் விழுந்தது.

“சாமி, இங்கே காட்டுங்க.”

“மன்னிச்சுக்கங்க. அதுக்கு ஒரு கண்ணு நீலம்.”

வாங்கிய புது ஓஸில் ஒரு முழம் மிச்சம் இருந்தது. அதை அளந்து வெட்டி மாட்டினார். இன்ஜின் பக்கத்து முனையில் பழைய ஸ்பிரிங் வளையமேதான் இத்தனை நாளும் இருந்தது. அந்தப் பக்கம் ஒரு நாளும் ஒழுகியதில்லை. அதை எப்படி யோசிக்காமல் போனோம் என்று இப்போது யோசித்தார். ஒழுகாத இடத்தை யார் பார்க்கிறார்கள்?

பாய்லரிலிருந்து வந்த வளையத்தைப் பிளையரால் அமுக்கி விரித்து, கழுத்துக்கு நேராகக் கொண்டுவந்து, மெல்ல விட்டார். அது தானாகச் சுருங்கி உட்கார்ந்துகொண்டது. அதற்கு மேல் செய்ய எதுவும் இல்லை. அது அவருக்குச் சங்கடமாக இருந்தது. கை எதையோ தேடியது. சட்டைப் பையிலிருந்து இன்னொரு புதிய திருகு கிளிப்பை எடுத்தார்.

“அது எதுக்குங்க?”

“பக்கத்துலயே இதையும் ஒண்ணு போட்டுரலாம்னு பாக்கறேன். ஒரு பாதுகாப்புக்கு.”

“ஓஸுக்கா?”

பொன்னுரங்கம் கிளிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எனக்குங்க,” என்றார்.

சாமி கையை நீட்டினார். சீடர் கொஞ்ச நேரம் கழித்து அதைக் கொடுத்தார். அது ஸ்வெட்டர் பைக்குள் போனது.

கூலன்ட் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, ஓஸில் இருந்த காற்றை வெளியேற்றினார்கள். இரண்டு பேரும் காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். முதலில் குளிர்ந்த காற்று வந்தது. பிறகு வெதுவெதுப்பு. பிறகு நல்ல சூடு. வெளியே மூடுபனி கண்ணாடியில் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

பொன்னுரங்கம் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“சாமி, நான் மூணு வருஷமா உங்ககிட்ட வர்றேன். ஒண்ணும் கேட்டதில்லை.”

“இல்லை.”

“இப்ப ஒண்ணு கேக்கறேன். தேனு ரெண்டு நாள்ல போயிருவா. அவளை எப்படி இருக்க வைக்கறது?”

சாமி குல்லாயைக் கழற்றினார். அவர் தலையைப் பொன்னுரங்கம் அன்றுதான் பார்த்தார். நெற்றி ஓரத்தில் முடி முழுவதும் நரைத்திருந்தது.

“ஹீட்டரைக் கொஞ்சம் குறைங்க வாத்தியாரே,” என்றார். “வேர்க்குது.”

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே பொன்னுரங்கம் மலையிறங்கினார். கிளம்புமுன் அட்டையை இழுத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. வியாழக்கிழமையும் காய்ந்துதான் இருந்தது. இருந்தாலும் குன்னூரில் ஒரு தடவை, மேட்டுப்பாளையத்தில் ஒரு தடவை நிறுத்தி, காருக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

தேன்மொழி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு காரைப் பார்த்தாள்.

“ஹீட்டர் வருதாப்பா?”

“வருது.”

பின்சீட்டில் குழந்தையோடு உட்கார்ந்தாள். கல்லாறு தாண்டி ஏற்றம் ஆரம்பித்தது. அவர் கண் சூடு காட்டும் முள்ளின் மேலேயே இருந்தது. முள் அசையவில்லை. பர்லியாறும் தாண்டியது. ஒரு வளைவில் குழந்தை விழித்துக்கொண்டான்.

“அம்மா, கார் சூடா ஊதுது.”

“தாத்தா கார் அப்படித்தான் ஊதும்.”

“ஏன்?”

“உனக்காக.”

கொஞ்ச தூரம் போனதும் அவளே, “இதமா இருக்குப்பா,” என்றாள்.

போனில் சொல்லும் மூன்றுக்குப் பிறகு, ஹீட்டரைப் பற்றிக் கேட்டது நாலாவது வாக்கியம்; இது ஐந்தாவது.

இரண்டு நாள் வீட்டில் பாத்திரச் சத்தமும் குழந்தையின் சத்தமுமாக இருந்தது. பொங்கலன்று பையன் கரும்புச் சக்கையைத் தாத்தாவின் சட்டைப் பையில் போட்டுவைத்தான். அவன் மூச்சு சீராக இருந்தது. எப்போது கிளம்புகிறாய் என்று பொன்னுரங்கம் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவருக்குச் சுலபமாக இல்லை. கிணற்றடிக்குப் போய் நின்றுவிட்டு வருவார்.

ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டில் தேன்மொழி தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னாள்.

“அப்பா, டிக்கெட் நானே போட்டுட்டேன். இன்னிக்கு ராத்திரி ஒம்பது மணி ரயில்.”

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். அடுப்படியில் வசந்தாவின் தோசைத் திருப்பி நின்றது.

பொன்னுரங்கத்திடம் சொல்வதற்கு நிறைய இருந்தது. நாளைக்கும் லீவுதானே. மாப்பிள்ளையிடம் நான் பேசுகிறேன். பையன் இப்போதுதான் பழகியிருக்கிறான். சாயங்காலம் மூடுபனி அதிகமாக இருக்கும். எல்லாமே உண்மைதான். மேஜை விளிம்பில் அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ பிடித்து வலப்பக்கம் திருகிக்கொண்டிருந்தன. அவர் அதைப் பார்த்தார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அஞ்சு மணிக்குக் கிளம்பிரலாம்,” என்றார். “குன்னூர்ல கூட்டமா இருக்கும். பையனுக்குச் சாக்ஸ் போட்டுக்க.”

தேன்மொழி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, இன்னொரு தோசை போடு.”

சாயங்காலம் இறங்கும்போது அவள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். குழந்தை அவள் மடியில் தூங்கினான். மேட்டுப்பாளையத்தில் பெட்டியை இறக்கிக் கொடுத்தார். “பாத்துப் போங்கப்பா, பனி,” என்றாள். அவர் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து காரைப் பூட்டும்போதுதான் பின்சீட்டில் பையனின் சிவப்புக் குல்லாய் கிடந்ததைப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை பொன்னுரங்கம் சரிவில் இறங்கி வந்தார். வெயில் வந்திருந்தது. சாமி அதே இடத்தில், அதே மாதிரி வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். இன்று கையில் ஊசியும் கிழிந்த கால்சட்டை ஒன்றும் இருந்தன.

“போயிட்டாங்களா?”

“போயிட்டாங்க சாமி.”

“இனி எப்ப வருவாங்களாம்?”

“கேக்கலைங்க.”

சாமி ஊசியில் நூல் கோத்தார். இரண்டு தடவை தவறியது. மூன்றாம் தடவை நுழைந்தது.

“பையன் குல்லாய விட்டுட்டுப் போயிட்டானுங்க. மறந்துட்டாங்களா, இங்கேயே இருக்கட்டும்னு வச்சுட்டுப் போனாங்களான்னு தெரியலை.”

“போன் பண்ணிச் சொன்னீங்களா?”

“சொல்லலாம்னுதான் போனை எடுத்தேன். அப்புறம் வச்சுட்டேன். கார்லயே இருக்குங்க.”

பள்ளத்தாக்கில் எங்கோ கேரட் கழுவும் சத்தம் கேட்டது.

“இன்னிக்கு எத்தனை?” என்றார் சாமி.

பொன்னுரங்கத்துக்கு முதலில் புரியவில்லை. பிறகு தன் கைகளைப் பார்த்தார். இரண்டும் காலியாக இருந்தன.

“அட்டை வைக்கலைங்க சாமி.”

“ஏன்?”

“மறந்துட்டேனுங்க.”

சாமி நூலின் நுனியில் முடிச்சுப் போட்டார்.

“அப்ப ஒழுகறது நின்னுருச்சு,” என்றார்.